"இந்தப்பிரகாரம்" என்ற சொல்லில் நில்லுங்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் சபையில் வாலிபருக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். அடுத்த மாதம் நான்கு ஞாயிறுகளில் ரோமர் 9, 10, 11 அதிகாரங்களை எடுக்க வேண்டும். போன மாதம் கன்வென்ஷனில் பேசிய ஊழியர், "கிறிஸ்துவின் இரகசிய வருகையில் சபை எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருட உபத்திரவம், அதில் யூதரில் மூன்றில் இரண்டு பங்கு மடிவார்கள், மீதிப்பேர் எல்லாரும் ஒரே நாளில் இரட்சிக்கப்படுவார்கள், இஸ்ரேல் தேசம் உருவான 1948தான் அதற்கு முதல் மணி" என்றார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. எங்கள் ஆயரோ, "சபைதான் இப்போது இஸ்ரவேல், யூதருக்கென்று தனியாக எதுவும் மீதி இல்லை" என்கிறார். இருவரும் காட்டும் வசனம் ரோமர் 11:26 தான். இருவருமே சரியாக இருக்க முடியாதல்லவா? பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல?

இப்படிக்கு,
ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். இருவருமே சரியில்லை என்று நினைக்கிறேன். ஆனால் ஆயர் எங்கே வழுக்குகிறார், ஊழியர் எங்கே வழுக்குகிறார் என்பது வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் நான்கு ஞாயிறுகளும் தாமாகவே அமைந்துவிடும்.

வசனத்தை முழுவதாக வைத்துக்கொள்வோம். "புறஜாதியாருடைய நிறைவு உண்டாகும்வரைக்கும் இஸ்ரவேலரில் ஒரு பங்குக்குக் கடினமான மனதுண்டாயிருக்கும். இந்தப்பிரகாரம் இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்." புறஜாதியார் என்றால் யூதரல்லாதவர்கள். கூட்டங்களில் இதை வாசிக்கும்போது "இந்தப்பிரகாரம்" என்று வாய் சொல்லும், "அப்பொழுது" என்று காது கேட்கும். கிரேக்கத்தில் அங்கே இருப்பது "ஹூட்டோஸ்". இவ்விதமாக, இந்த வழியில் என்று பொருள். "அதன் பிறகு" என்ற சாயல் சில இடங்களில் அதற்கு உண்டு என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரோமர் நிருபத்தை எழுதிய பவுலின் கடிதங்களில் அது விதத்தைக் காட்டும் சொல்லாகவே வருகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதில் மிகச் சரியாக இருக்கிறது. "இந்தப்பிரகாரம்" என்று எழுதியவர்கள் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் எந்தப் பிரகாரம்? பதில் 11ஆம் அதிகாரத்தில் முன்பே இருக்கிறது. இஸ்ரவேலர் இடறினார்கள், அதனால் இரட்சிப்பு புறஜாதிகளுக்குப் போனது, அதைக் கண்டு இஸ்ரவேலருக்கு வைராக்கியம் எழும், அவர்கள் திரும்புவார்கள். 11, 12, 13, 14 வசனங்கள் சொல்வது இந்தச் சுற்றுப்பாதையை. பவுல் வழியைக் காட்டுகிறார், நாள்குறிப்பைத் தரவில்லை. காலம் இந்த வசனத்தில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. காலத்தைக் காட்டுவது "வரைக்கும்" என்ற சொல். அது ஒரு எல்லையைத்தான் சொல்கிறது; அந்த எல்லைக்குப் பிறகு ஏழு வருடமா எழுநூறு வருடமா என்று சொல்வதில்லை.

இனி உங்கள் ஆயரின் வாசிப்பு. அது சின்ன ஆள் யாரும் சொன்னதல்ல. சபைச் சீர்திருத்தவாதி கால்வின் 1540இல் வெளியிட்ட ரோமர் விளக்கவுரையில் "இஸ்ரவேலரெல்லாரும்" என்பது யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த தேவஜனம் முழுவதும் என்றே எடுத்தார். நம் நாட்களில் புதிய ஏற்பாட்டு அறிஞர் என். டி. ரைட்டும் ஏறக்குறைய அந்தப் பக்கம். கலாத்தியர் 6:16இல் வரும் "தேவனுடைய இஸ்ரவேலர்" அவர்களுக்குத் துணை. ஆனால் ரோமரில் இது நிற்காது. முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுத்து, மூன்று அதிகாரங்களிலும் "இஸ்ரவேல்", "இஸ்ரவேலர்" என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடச் சொல்லுங்கள். கிரேக்க மூலத்தில் "இஸ்ரவேல்" பதினொரு முறை வருகிறது. நம் தமிழில் 10:1இலும் இருக்கும். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அங்கே "அவர்கள்" என்றுதான் இருக்கிறது. அடிக்கோடிட்ட ஒவ்வொரு இடத்திலும் "சபை" என்று மாற்றி வாசித்துப் பார்க்கட்டும். எங்கும் பொருந்தாது. குறிப்பாக 25ஆம் வசனத்தில் "ஒரு பங்குக்குக் கடினமான மனது" உண்டான இஸ்ரவேல் யூத மக்கள்தான். ஒரே மூச்சில் அடுத்த வரியில் அச்சொல்லுக்கு வேறு ஆள் மாறினார் என்று சொல்ல வேண்டுமானால், பவுல் அதற்கு ஒரு அடையாளமாவது வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. 9:6 ஒன்றுதான் சிக்கலான இடம்: "இஸ்ரவேல் வம்சத்தார் எல்லாரும் இஸ்ரவேலரல்லவே." அங்கேயும் அவர் இஸ்ரவேலுக்குள்ளே ஒரு வட்டம் போடுகிறாரே தவிர, புறஜாதியாரை உள்ளே கொண்டுவந்து பெயர் சூட்டவில்லை.

"எல்லாரும்" என்றால் ஒருவர் விடாமல் எல்லாரும்தானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய ஏற்பாட்டில் சாமுவேல் இறந்தபோது இஸ்ரவேலரெல்லாரும் கூடிவந்து துக்கங்கொண்டாடினார்கள் என்று 1 சாமுவேல் 25:1 சொல்கிறது. ஒவ்வொரு ஆளும் ராமாவுக்கு வந்தார் என்று யாரும் படிப்பதில்லை. யூதரின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னாவில் சன்ஹெத்ரின் பகுதி, இஸ்ரவேலர் எல்லாருக்கும் வரும் உலகில் பங்கு உண்டு என்று தொடங்கி, உடனேயே உயிர்த்தெழுதலை மறுப்பவர் முதலாகப் பங்கில்லாதவர்களை எண்ணத் தொடங்குகிறது. "எல்லாரும்" என்பது ஒரு ஜனமாக, மொத்தமாக என்ற பொருளில் புழங்கிய சொல். அதே 11ஆம் அதிகாரம் 23ஆம் வசனம் நிபந்தனையையும் சொல்லிவிடுகிறது: "அவிசுவாசத்திலே நிலைத்திராதிருந்தால்."

ஆக, யூத ஜனத்துக்கு எதிர்காலத்தில் ஒரு பெரிய திரும்புதல் உண்டு என்று பவுல் நம்பினார் என்பதே என் முடிவு. 12ஆம் வசனத்தில் "அவர்களுடைய நிறைவு" என்கிறார். 25இல் "புறஜாதியாருடைய நிறைவு" என்கிறார். இரண்டும் ஒரே சொல், "ப்ளேரோமா". ஒன்றுக்கு முழுப்பொருள் கொடுத்து மற்றதைச் சுருக்க முடியாது. 15ஆம் வசனத்தில் அவர்களை அங்கீகரித்துக்கொள்ளுதல் "மரித்தோரிலிருந்து ஜீவன் உண்டானதுபோலிருக்குமல்லவோ" என்கிறார். காலந்தோறும் சொட்டுச் சொட்டாகச் சில யூதர் விசுவாசிப்பதை மட்டும் குறிக்க இத்தனை பெரிய உவமை தேவையில்லை.

இந்த நம்பிக்கை இரகசிய வருகைப் போதனையோடு பிறந்ததல்ல என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் போதனையை வடிவமைத்த ஜான் நெல்சன் டார்பி பிறந்தது 1800இல். அதை உலகெங்கும் கொண்டுபோன ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் வந்தது 1909இல். ஆனால் சபைப் பிதா அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே நியாயத்தீர்ப்புக்கு முன் எலியா வந்து யூதரைத் திருப்புவார் என்று எழுதினார். 1648இல் ஸ்காட்லாந்து சபை ஏற்ற வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை என்ற விசுவாசப் போதனை நூல், "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்ற விண்ணப்பத்தை விளக்கும்போது யூதர் அழைக்கப்படவும் ஜெபிக்கச் சொல்கிறது. அவர்கள் யாரும் ஏழு வருட அட்டவணை போடவில்லை. திரும்புதலை நம்ப அட்டவணையை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கு சகரியா 13:8. இதை வகுப்பில் நேராக எடுங்கள், ஒதுக்காதீர்கள். அதற்கு முந்திய வசனம், மேய்ப்பனை வெட்டு, ஆடுகள் சிதறும் என்பது. இயேசு அதைத் தாம் பிடிபட்ட இரவுக்கே பொருத்திச் சொன்னார் (மத்தேயு 26:31). ஒரு வசனம் முதல் நூற்றாண்டில் நிற்க, அடுத்த வசனத்தை மட்டும் தூக்கி நாளைய செய்தியில் வைப்பதற்கு வாசகத்தில் அனுமதி இல்லை. கி.பி. 70இல் எருசலேம் அழிந்ததோடு அதை இணைத்து வாசிப்பவர்களும் உண்டு. மேலும் அங்கே "தேசமெங்கும்" என்றுதான் இருக்கிறது. இன்றைய யூதரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இஸ்ரேலுக்கு வெளியே வாழ்கிறார்கள். உலக யூதர் தொகையை எடுத்து மூன்றால் வகுப்பது வசனத்தில் இல்லாத வேலை. இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். ஏற்கெனவே ஐரோப்பாவில், கிறிஸ்தவ நாடுகளின் நடுவில், அறுபது லட்சம் யூதர் கொல்லப்பட்டார்கள். இன்னொரு பேரழிவைக் கணக்குப் போட்டுச் சொல்லும் இடத்தில் அல்லேலூயா எழக் கூடாது. தன் இனத்தாருக்காகத் தானே சபிக்கப்பட்டவனாக விரும்புவேன் என்று 9:3இல் சொன்னவரின் நிருபத்தை அந்தக் குரலில் வாசிக்க முடியாது.

உண்மையில் சகரியா அந்த நாளை எப்படி வரைகிறார் என்று 12:10 முதல் 14 வரை பாருங்கள். கிருபையின் ஆவி ஊற்றப்படுகிறது, தாங்கள் குத்தினவரை நோக்கிப் பார்க்கிறார்கள், ஒரே மகனை இழந்தவர்போல் புலம்புகிறார்கள். தாவீது குடும்பத்தார் தனியே, நாத்தான் குடும்பத்தார் தனியே, லேவி குடும்பத்தார் தனியே, சீமேயி குடும்பத்தார் தனியே, அவர்கள் ஸ்திரீகள் தனியே. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனித்தனியாக நடக்கும் அழுகை. யூதப் போதகர்களும் இந்த இடத்தில் தயங்கி நின்றிருக்கிறார்கள். யூதரின் போதனைத் தொகுப்பான தால்மூதில் சுக்கா 52ஆம் ஏட்டில், இந்தப் புலம்பல் கொல்லப்பட்ட யோசேப்பின் குமாரனாகிய மேசியாவுக்காகவா, அல்லது தீய மனச்சாய்வு அழிந்ததற்காகவா என்று விவாதம் நடக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லுங்கள்; யூதருக்கும் அது திறந்த கேள்வி என்பது தெரியட்டும்.

1948ஐப் பற்றி: இயேசு சொன்ன அத்திமர உவமையை வைத்து, "அத்திமரம் துளிர்விட்டது, அதுதான் இஸ்ரேல் தேசம், அதிலிருந்து ஒரு தலைமுறை நாற்பது வருடம்" என்று கணக்குப் போட்டு 1988ஐக் குறித்தவர்கள் இருந்தார்கள். 1988 வந்து போனது. பிறகு தலைமுறையை எழுபது, எண்பது என்று நீட்டினார்கள். பிழை கூட்டலில் இல்லை. லூக்கா 21:29இல் அதே உவமை "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்று வருகிறது. மற்றெல்லா மரங்களும் எந்தெந்த தேசங்கள்? உவமை பருவத்தை அறிவதைப் பற்றியது. ரோமர் 9:4, 5இல் இஸ்ரவேலருக்குரியவற்றைப் பவுல் அடுக்குகிறார்: புத்திரசுவிகாரம், மகிமை, உடன்படிக்கைகள், நியாயப்பிரமாணம், தேவாராதனை, வாக்குத்தத்தங்கள், பிதாக்கள், கிறிஸ்து. தேசம் என்ற சொல் அங்கே இல்லை. இன்றைய அரசு ஒன்றின் எல்லையையோ போரையோ இந்த மூன்று அதிகாரங்களைக் கொண்டு நியாயப்படுத்த முடியாது. பெத்லகேமிலும் ராமல்லாவிலும் உள்ள பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் இதே நிருபத்தை அரபியில் வாசிக்கிறார்கள்.

யாராவது மறுபக்கம் போய், "அப்படியானால் யூதருக்கு இயேசு இல்லாமலே தனி வழி உண்டா?" என்று கேட்கலாம். கிரிஸ்டர் ஸ்டெண்டால் போன்ற வேத அறிஞர்கள் 10:18 முதல் 11ஆம் அதிகாரம் முடியும்வரை கிறிஸ்துவின் பெயரே வராததைச் சுட்டிக் காட்டினார்கள். நல்ல கவனிப்பு. ஆனால் 11:23 "அவிசுவாசம்" என்று சொல்லும்போது எதில் அவிசுவாசம் என்பதைப் 10ஆம் அதிகாரம் சொல்லியாயிற்று. கத்தோலிக்க சபையும் இங்கே கவனமாக நடந்திருக்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதரைத் தள்ளப்பட்டவர்களாகவும் சபிக்கப்பட்டவர்களாகவும் காட்டக் கூடாது என்றது. 2015இல் வந்த வத்திக்கான் ஆவணம் இரண்டு மீட்பு வழிகள் இல்லை என்றது. அதே சமயம் யூதரை நோக்கி அமைப்பு ரீதியான மிஷன் வேலை நடத்துவதில்லை என்றும் சொன்னது.

மூன்றாம் ஞாயிறு முழுவதையும் ஒலிவமரத்துக்கு (11:16-24) வையுங்கள். வாலிபர்களுக்கு ஒட்டு மாங்கன்று தெரியும். நாட்டுக் கொட்டையில் முளைத்த செடியை வேராக வைத்து, நல்ல இனத்தின் தளிரை அதன்மேல் கட்டுவார்கள். காய் தளிரின் குணத்தில் வரும். பவுல் தலைகீழாகச் சொல்கிறார். நல்ல மரத்து வேரில் காட்டுக்கிளையை ஒட்டினார்கள் என்கிறார். தோட்டக்காரன் இப்படிச் செய்ய மாட்டான். சோர்ந்த ஒலிவமரத்தில் துளையிட்டுக் காட்டொலிவக் கிளையைச் செருகும் வழக்கத்தை ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா குறித்திருக்கிறார். ஆனால் பவுல் தாமே 24ஆம் வசனத்தில் "சுபாவத்திற்கு விரோதமாய்" என்று சொல்லிவிடுகிறார். காட்டுக்கிளை நாம்தான். வேர் நம்முடையதல்ல. "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்."

இதை யாருக்கு எழுதினார் என்பதை முதல் ஞாயிறே சொல்லிவிடுங்கள். கி.பி. 49 வாக்கில் கிலவுதியு இராயன் யூதரை ரோமிலிருந்து வெளியேற்றினான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்படித்தான் கொரிந்துவுக்கு வந்தார்கள் (அப்போஸ்தலர் 18:2). 54இல் அவன் இறந்தபின் யூதர் திரும்பினார்கள்; ரோமர் 16:3இல் அந்தத் தம்பதியர் மறுபடியும் ரோமில் இருக்கிறார்கள். நிருபம் எழுதப்பட்டது சுமார் 57இல். திரும்பி வந்தவர்கள் கண்டது புறஜாதியார் கைக்குப் போயிருந்த சபையை. "நீங்கள் உங்களையே புத்திமான்களென்று எண்ணாதபடிக்கு" என்று 25ஆம் வசனம் தொடங்குவது அந்தப் புறஜாதி விசுவாசிகளைப் பார்த்துத்தான். அங்கே பவுல் "இரகசியம்" என்று சொல்லும் இந்தச் செய்தி வெளிப்படுத்தப்பட்ட நோக்கமே அவர்கள் பெருமையை அடக்குவது.

இரண்டாம் ஞாயிறு 9:6 முதல் 10:21 வரை வேகமாகப் போகலாம். நான்காம் ஞாயிறு 11:25 முதல் முடிவுவரை. 26இல் பவுல் காட்டும் ஏசாயா 59:20ஐத் திருப்பி ஒப்பிடச் சொல்லுங்கள். ஏசாயாவில் மீட்பர் "சீயோனுக்கு" வருகிறார், ரோமரில் "சீயோனிலிருந்து" வருகிறார். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் "சீயோனின் நிமித்தம்". இது முதல் வருகையா, இரண்டாம் வருகையா என்று நல்ல விளக்கவுரையாளர்களே பிரிந்து நிற்கிறார்கள். அதன்மேல் அட்டவணை கட்ட வேண்டாம்.

கடைசிப் பதினைந்து நிமிடம் 30 முதல் 32 வரைக்கு வேண்டும். நீங்கள் முன்பு கீழ்ப்படியாதிருந்து இப்பொழுது இரக்கம் பெற்றீர்கள், அவர்களும் இரக்கம் பெறுவார்கள் என்று அங்கே வருகிறது. சீனாய், வத்திக்கான் எனப்படும் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் 31ஆம் வசனத்தில் இன்னொரு "இப்பொழுது" இருக்கிறது: அவர்களும் இப்பொழுது இரக்கம் பெறும்படி. நம் தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் இல்லை. கரும்பலகையில் அதை எழுதிப் போடுங்கள்.

அன்புடன்.