அக்கிக்கு மாத்திரையா? கேளுங்கள், சொல்கிறேன்

இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவள் நான். அக்கிக்கும் ஹெர்ப்பிஸுக்கும் தரும் வைரஸ் மருந்துகளான அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபாம்சிக்ளோவிர் இந்த மூன்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். புண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பி "இது அதுதானா அக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். அதைத் தோல் டாக்டர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கும்பகோணம் வாசகி: அம்மாவுக்கு 68 வயது. முதுகிலிருந்து விலா வரை அக்கி. நேற்று டாக்டர் அசைக்ளோவிர் 800 எழுதிக் கொடுத்தார், ஒரு நாளைக்கு ஐந்து தடவையாம். காலை, மதியம், இரவு என்று மூன்றாக்கிக் கொள்ளலாமா?

கூடாது. அந்த மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது, சேர்ந்ததும் சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். அதனால்தான் ஐந்து வேளை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், கொடுத்ததும் பேனாவால் அடித்துவிடுங்கள். ஏழு நாளைக்கு 35 மாத்திரை, ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. இது தோதுப்படாது என்றால் டாக்டரிடம் சொல்லி வாலாசைக்ளோவிர் 1000 கேளுங்கள். அது குடலில் நன்றாக உறிஞ்சப்பட்டு உள்ளே போய் அசைக்ளோவிராக மாறும், மூன்று வேளை போதும், விலைதான் கொஞ்சம் கூட.

அப்புறம் தண்ணீர். அசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், உடம்பில் தண்ணீர் வற்றிப்போனால் அங்கேயே படிகமாகத் தங்கிவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா? சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அளவைக் குறைத்தே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்கு யாரும் அதைப் பார்க்கவில்லை, முழு அளவு போனது. மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். மருந்தை நிறுத்திச் சிறுநீரகத்தைக் கவனித்ததும் தெளிந்தார்.

பெயர் வேண்டாம்: மாத்திரை இல்லாமல் அசைக்ளோவிர் கிரீம் மட்டும் பூசினால் அக்கி போகுமா?

போகாது. வைரஸ் நரம்பில் இருக்கிறது, நீங்கள் தோலில் பூசுகிறீர்கள்.

வேளார் வீட்டுப் பிள்ளை: எங்கள் தாத்தா காவி குழைத்துச் சிங்கம் வரைந்து அக்கி எழுதுவார். மூன்று நாள் எழுதினால் பத்து நாளில் காய்ந்துவிடும். உங்கள் இங்கிலீஷ் மருந்து சூடு வேறு. எதற்கு 35 மாத்திரை?

தாத்தாவை நான் குறை சொல்லவே இல்லை, எனக்கே சின்ன வயதில் தாடையில் எழுதியிருக்கிறார்கள், ஈரக்காவி குளுகுளுவென்று இருந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அக்கி எதுவுமே செய்யாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காயும். காய்ந்ததற்குக் காவியைப் பாராட்டுகிறோம், பிறகு மாதக்கணக்கில் சட்டை பட்டாலே எரிகிறதே, அந்த வலிக்கு யாரையும் கேட்பதில்லை.

சூடு என்றீர்கள். இந்த மருந்து சாதாரண செல்லில் சும்மா கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லில்தான் வைரஸின் சொந்த நொதியே அதைத் தட்டி எழுப்பும், எழுந்த மருந்து வைரஸ் பெருகுவதை நிறுத்தும். இந்த மருந்து உருவானதற்குப் பின்னால் இருந்தவர் கெர்ட்ரூட் எலியன். 1988-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

அதே பிள்ளை: அப்படியானால் மாத்திரை சாப்பிட்டால் பின்னால் வலியே வராது என்று சத்தியம் செய்வீர்களா?

நல்ல கேள்வி, மாட்டிவிட்டீர்கள். செய்ய மாட்டேன். மாத்திரை புண்ணைச் சீக்கிரம் ஆற்றும், அப்போதைய வலியைக் குறைக்கும். ஆனால் பிந்தைய வலியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. சீக்கிரம் ஆறும் அந்தப் பலனும் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுதாகக் கிடைக்கும். என் சண்டை காவியோடு இல்லை தம்பி, காவி எழுதிக்கொண்டு போக்கிவிடும் அந்த மூன்று நாளோடுதான். தாத்தாவிடம் எழுதிக்கொள்ளட்டும், திறந்த புண் மேல் மட்டும் வேண்டாம், சீழ் பிடிக்கும். எழுதிய கையோடு டாக்டரிடமும் அனுப்பச் சொல்லுங்கள். அவர் சொன்னால் ஊரே கேட்கும், நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

சேலம்காரர்: அப்பாவுக்கு நெற்றியில் அக்கி, மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம். கிரீம் வாங்கவா?

இதைப் படித்து முடிக்காதீர்கள், கிளம்புங்கள். மூக்கு நுனியில் வந்தால் கண்ணுக்கும் வரலாம். இன்றே கண் டாக்டர்.

கல்லூரி மாணவி: பரீட்சை வந்தால் உதட்டோரம் கொப்புளம் வருகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை.

இது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ், அக்கியின் பங்காளி. உலகில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேர் உடம்பில் இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. குறுகுறு என்று ஆரம்பிக்கும்போதே டாக்டர் எழுதித் தரும் வாலாசைக்ளோவிரை ஒரே நாளில் இரண்டு வேளை, 2 கிராம் வீதம், 12 மணி நேர இடைவெளியில் போடும் முறை இருக்கிறது. கொப்புளம் வெளியே வந்தபின் பலன் குறைவு.

இன்னொருவர்: அக்கிக்குக் கிரீம்...

மேலே பார்க்கவும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ். வருடத்தில் ஏழெட்டு முறை வருகிறது. திருமணம் பேசுகிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் மறைத்துவிடலாமா?

மறைப்பதற்கு மாத்திரை இல்லை. அடிக்கடி வருபவர்களுக்கு டாக்டர்கள் தினமும் ஒரு சிறு அளவு தருவார்கள், வருவது வெகுவாகக் குறையும், துணைக்குப் பரவும் வாய்ப்பும் ஏறக்குறைய பாதியாகும். பூஜ்யம் ஆகாது. புண் இல்லாத நாளிலும் பரவலாம், அதனால் ஆணுறையும் வேண்டும். வைரஸ் நரம்பு முடிச்சில் தூங்கும், எந்த மாத்திரையும் அதைத் துரத்தாது. ஆகவே கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்லிவிடுங்கள். முதலில் பால்வினை நோய் மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போய் உட்கார்ந்தால் பேச்சு சுலபமாகும், நிறைய ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். கருத்தரிக்கும்போது மகப்பேறு டாக்டரிடமும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

மதுரை: போன வருடம் மிச்சமிருந்த மாத்திரை பன்னிரண்டு இருக்கிறது, பையனுக்குச் சின்னம்மை...

குழந்தைக்கு எடைக்கேற்ற அளவு. குழந்தை டாக்டர். அந்தப் பன்னிரண்டும் மிச்சமானதே தப்பு.

மூன்றாமவர்: கிரீம் மட்டும்...

ஐயா!

கும்பகோணம் வாசகி: அக்கா, நீங்கள் சொன்னதும் ரத்தம் கொடுத்தோம். கிரியாட்டினின் 2.1. முட்டி வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம், எங்களிடம் சொல்லவே இல்லை.

2.1 அதிகம், அந்த வலி மாத்திரையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இப்போதே அந்த டாக்டருக்குப் போன் போட்டு இரண்டையும் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக்கை இன்றோடு விடச் சொல்லுங்கள், அசைக்ளோவிரை நீங்களாக நிறுத்த வேண்டாம், எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்பதை அவர் மாற்றித் தருவார். இரவு 10 மணி மாத்திரைக்கு முன்னால் பேசிவிட வேண்டும். அவர் எடுக்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு மாத்திரை அட்டையோடு போங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளைக் கிழித்துப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.