பழைய அபார்ட்மென்ட்டுக்கு இன்சுலேஷன் போட்டும் ஹீட்டிங் செலவு சொன்ன அளவு குறையலையே, ஏன்?

நீங்க கேட்டது இதுதான்: ஜெர்மனில 1960கள்ல கட்டின அபார்ட்மென்ட், வெளிச்சுவர் முழுக்க இன்சுலேஷன் ஒட்டினாங்க, ஹீட்டிங் 60 சதவீதம் மிச்சமாகும்னு சொன்னாங்க, பில் வந்து பார்த்தா அதுல பாதி கூட இல்ல, ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா இது அப்படியே எங்க பில்டிங்லயும் நடந்துச்சு. இதே ஜெர்மனில டார்ட்மண்ட்ல 1961ல கட்டின கட்டடம், 18 வீடு, அதுல ஒண்ணு என்னோடது. ஓனர்கள் கமிட்டில நான் இருந்ததால கேஸ் பில், மீட்டர் ரீடிங், கன்சல்டன்ட் கொடுத்த அறிக்கை எல்லாமே என் கைக்கு வந்துச்சு, மூணு வருஷம் அதோடயே மல்லுக்கட்டினேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல அந்த 60 சதவீதம் எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க. எங்க அறிக்கையில பில்டிங்குக்கு சதுர மீட்டருக்கு வருஷம் 210 யூனிட் (ஒரு யூனிட்னா ஒரு கிலோவாட் மணி) வேணும், இன்சுலேஷன் போட்டா 85 ஆயிடும்னு இருந்துச்சு. 210ல இருந்து 85, சரி, 60 சதவீதம்தான். ஆனா அதுக்கு முந்தின மூணு வருஷ கேஸ் பில்லை எடுத்து நான் கூட்டிப் பார்த்தா சராசரி 148தான் வருது. 210 யூனிட்டை அந்தக் கட்டடத்துல எவனும் எரிக்கவே இல்ல. எரிக்காத கேஸை எப்படிங்க மிச்சம் பண்ண முடியும்? அறிக்கையில சொன்ன 85ஐயே தொட்டிருந்தாக்கூட 43 சதவீதம்தான் குறைஞ்சிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்றது இதுக்கு அப்படியே பொருந்தும்.

அந்த 210 எப்படி வருதுன்னா, எல்லா ரூமும், ஹால் பெட்ரூம் பாத்ரூம் எல்லாம், குளிர்காலம் பூரா 19-20 டிகிரில இருக்கும்னு வச்சு கணக்குப் போடறாங்க. யாரு அப்படி வாழ்ந்தாங்க? எங்களுக்குக் கீழ் வீட்டுல ஒரு பாட்டி, 80 தாண்டினவங்க, கிச்சன்ல மட்டும்தான் ஹீட்டர் போடுவாங்க. ரீடிங் எடுக்கறவங்க கூட ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போனேன், பெட்ரூம் ரேடியேட்டர் வால்வுல பெயின்ட் அடிச்சு அடிச்சு அது திரும்பவே மாட்டேங்குது, எத்தனையோ வருஷமா யாரும் அதைத் தொடல. கதவுக்கு அடியில பழைய டவலைச் சுருட்டி வச்சிருந்தாங்க. கையில இருந்த தெர்மாமீட்டர் 13 டிகிரி காட்டுச்சு. ஓட்டை வீட்டைச் சூடாக்கக் காசு பத்தாதுன்னா ஜனங்க இப்படித்தான் சமாளிப்பாங்க, ஒரு ரூம்ல முடங்கி, ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு.

இது எங்க பில்டிங் கதை மட்டும் இல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின்னு ரெண்டு பேர் 2012ல ஜெர்மனியோட 3,400 வீடுகளோட டேட்டாவைப் பார்த்தாங்க, கணக்குல வர்றதை விட நிஜத்துல சராசரியா 30 சதவீதம் கம்மியாத்தான் ஜனங்க எரிக்கறாங்கன்னு தெரிஞ்சுச்சு, இதுக்கு அவங்க ப்ரீபவுண்ட்னு பேரு வச்சாங்க. எங்க 210க்கு 148, அதுவும் கிட்டத்தட்ட அதே 30 சதவீதம்தான், இதைப் படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கூடவே பழைய சுவரையே கணக்குல ரொம்ப மோசமா எடுத்துக்கறதும் உண்டு. இங்கிலாந்துல பழைய கெட்டிச் செங்கல் சுவருக்கு யு-வேல்யூ (சுவர் வழியா எவ்வளவு சூடு வெளிய போகுதுங்கற அளவு, கூடினா மோசம்) 2.1னு டேபிள்ல வச்சிருந்தாங்க, நேர்ல சென்சார் ஒட்டி அளந்தப்ப பெரும்பாலும் 1.3 பக்கம்தான் வந்துச்சு. சுவர் ஏற்கனவே அவ்வளவு மோசமில்லன்னா அதுல மிச்சம் பண்றதுக்கும் அவ்வளவு இல்ல.

சரி, 148ல இருந்து எங்களுக்கு எவ்வளவு குறைஞ்சுச்சு? 2017 கோடையில வேலை முடிஞ்சது, அடுத்த குளிர்காலக் கணக்கு 118. வெறும் 20 சதவீதம். மீட்டிங்ல பெரிய சண்டை. "மேல் மாடிக்காரங்க ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கறாங்க", "வாடகைக்கு இருக்கறவங்களுக்கு அக்கறை இல்ல", இப்படி ஒருத்தர் மேல ஒருத்தர் பழி. எனக்கு அது சுத்தமா பிடிக்கல, ஏன்னா பாதி விஷயம் மனுஷங்க கையிலயே இல்ல. இன்சுலேஷன் போட்ட வீட்டுல ஹீட்டர் போடாத ரூமும் தானாவே சூடாகும், பக்கத்து ரூம்லேருந்தும் பக்கத்து வீட்டுலேருந்தும் சூடு வரும், வெளிய போக வழி இல்லாம உள்ளயே தங்கும். பாட்டியோட பெட்ரூம் வால்வு அப்பவும் திரும்பலை, ஆனா அந்த ஜனவரில அங்க 17 டிகிரி. வீடு முழுக்க சராசரி டெம்பரேச்சர் ஏறிடுச்சு, ஒரு டிகிரி ஏறினா ஹீட்டிங் சுமார் 6 சதவீதம் கூடும்னு இங்க எல்லாரும் சொல்ற கணக்கு, அப்ப மூணு நாலு டிகிரின்னா எவ்வளவுன்னு பாருங்க. இதை நான் நஷ்டம்னு எழுத மாட்டேன். 80 வயசுல ஒருத்தங்க 13 டிகிரில தூங்கிட்டிருந்தாங்க, இப்ப இல்ல.

நிஜமாவே வீணாப் போனது எங்கன்னா பேஸ்மென்ட்ல, பாய்லர் ரூம்ல. சுவருக்கு லட்சக்கணக்குல யூரோ செலவு பண்ணிட்டு பாய்லர் செட்டிங்கை யாருமே தொடல! வெளிய எவ்வளவு குளிரோ அதுக்கேத்த மாதிரி ரேடியேட்டருக்குப் போற தண்ணிச் சூட்டை ஏத்தி இறக்கறது ஹீட்டிங் கர்வ். ரெண்டாவது குளிர்காலத்துல ஹவுஸ்மைஸ்டர் (கட்டடத்தைப் பார்த்துக்கறவர்) கிட்ட சாவி வாங்கிக் கீழ போய்ப் பார்த்தேன், டிஸ்ப்ளேல 1.6னு நிக்குது, ஓட்டைச் சுவர் இருந்த காலத்து நம்பர். ஏங்க இறக்கலைன்னு கேட்டா, மேல் மாடில கடைசி வீட்டுல குளிருதுன்னு போன் பண்ணிட்டே இருக்காங்க, அதனால இறக்க முடியாதுங்கறார். அந்த வீடு பாய்லர்ல இருந்து ரொம்பத் தூரம், பக்கத்துல இருக்கற ரேடியேட்டருங்க தண்ணியை எல்லாம் இழுத்துக்குது, கடைசிக்கு வர்றதுக்குள்ள ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல ஒரே பைப்ல மோட்டார் போட்டா முதல் வீட்டுக்குக் கொட்டும், தெருக்கோடி வீட்டுக்குச் சொட்டும், அதே கதைதான். ஒரு வீட்டுக்காக 17 வீட்டுக்கும் தேவைக்கு மேல சூடு, தாங்க முடியாம ஜன்னலைச் சாய்ச்சு, அதாவது மேல் பக்கம் கொஞ்சம் திறந்தபடி வைக்கறாங்க, அந்தக் குளிர்காத்து நேரா தெர்மோஸ்டாட் வால்வு மேல விழுது, ரூமே குளிருதுன்னு நினைச்சு வால்வு இன்னும் முழுசாத் திறக்குது. ஜனவரில ட்ராம்ல இருந்து இறங்கி வரும்போது எண்ணுவேன், ஏழு ஜன்னல், எட்டு ஜன்னல், ராத்திரி ஒன்பது மணிக்கும் சாய்ஞ்சபடியே இருக்கும். அதுக்கு அவங்களைத் திட்டி என்ன பிரயோஜனம்.

2019ல ஒருவழியா ஹைட்ராலிஷர் அப்க்ளைஷ் பண்ணோம், அதாவது ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் எவ்வளவு தண்ணி போகணும்னு கணக்குப் போட்டு வால்வுல செட் பண்றது. அதுக்கப்புறம் கர்வை 1.6ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா 1.0க்கு இறக்கினோம், பேஸ்மென்ட்ல மொட்டையா ஓடின பைப்புக்கெல்லாம் உறை போட்டோம் (அங்க ஜனவரிலயும் துணி அரை நாள்ல காயும், அவ்வளவு சூடு). சுவருக்கு ஆன செலவோட பார்த்தா இது ஒண்ணுமே இல்ல. அடுத்த வருஷம் 118, 101 ஆச்சு.

85 வரலை, வரவும் வராதுன்னுதான் நினைக்கறேன். குளிக்கற சுடுதண்ணிச் செலவு சுவரைப் பத்திக் கவலைப்படறதில்ல, லெஜியோனெல்லா கிருமி வராம இருக்க பெரிய கட்டடங்கள்ல தண்ணியை 60 டிகிரில வைக்கணும், திரும்பி வர்ற தண்ணி 55க்குக் கீழ போகக்கூடாது, அது நாள் பூரா பைப்ல சுத்திட்டே இருக்கும், எங்களுக்கு அதுவே 30 யூனிட் பக்கம். அதோட பால்கனி ஸ்லாப் சுவரைத் துளைச்சுக்கிட்டு வெளிய நீட்டிட்டு இருக்கு, ஜன்னல் மேல ஷட்டர் சுருளற பெட்டிங்க உள்ள வெறும் காலி, அது வழியெல்லாம் சூடு வெளிய போயிட்டே இருக்கும். இதெல்லாம் கட்டடத்தோடயே பிறந்தது.

வெளிநாட்டு அனுபவமும் இதே திசையிலதான். அமெரிக்காவுல மிச்சிகன்ல 30,000க்கு மேல வீடுகளை வச்சு ஃபவுலி, கிரீன்ஸ்டோன், வுல்ஃப்ரம்னு மூணு பொருளாதார ஆளுங்க பண்ண ஆய்வு 2018ல வந்துச்சு, இன்ஜினியர் கணக்கு நிஜ சேமிப்பைப் போல மூணு மடங்குக்கும் மேல இருந்துச்சாம்.

எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் வாடகைதான். எங்க பில்டிங்ல பாதி வீட்டுல வாடகைக்கு இருக்காங்க. இங்க சட்டப்படி ஓனர் இந்த மாதிரி வேலைக்கு ஆன செலவுல ஒரு பங்கை வருஷ வாடகைல ஏத்தலாம், முன்னாடி 11 சதவீதம், 2019ல இருந்து 8. எங்க ஓனர்ங்க சிலர் சதுர மீட்டருக்கு மாசம் ஒன்றரை யூரோ ஏத்தினாங்க. 70 சதுர மீட்டர் வீட்டுக்கு மாசம் 105 யூரோ. முதல் வருஷம் அந்த வீட்டுல குறைஞ்சது 30 யூனிட் வீதம் 2,100 யூனிட், அப்ப கேஸ் யூனிட் சுமார் 6 சென்ட், மாசத்துக்குப் பத்தரை யூரோ. அறிக்கைல சொன்ன மாதிரியே 125 யூனிட் குறைஞ்சிருந்தாலும் மாசம் 44 யூரோவைத் தாண்டியிருக்காது. வாடகையை ஏத்தின லெட்டர்ல காரணமா போட்டிருந்தது அந்த 210, 85 தான், யாரும் எரிக்காத 210. மீட்டிங்ல நான் எந்திரிச்சு, இனிமே லெட்டர்ல நிஜ பில் நம்பரையும் சேர்த்துப் போடுங்கன்னு சொன்னேன், ரெண்டு ஓனர் ஒத்துக்கிட்டாங்க, மத்தவங்க ஒத்துக்கலை.

அதுக்காக இன்சுலேஷன் வேண்டாம்னு நான் சொல்லலை, திரும்பவும் ஓட்டு போடச் சொன்னாலும் போடுன்னுதான் கை தூக்குவேன். உங்க விஷயத்துல முதல்ல அறிக்கையைத் தள்ளி வச்சுட்டு, வேலைக்கு முந்தின மூணு வருஷ கேஸ் பில்லை வாங்குங்க, நெபன்கோஸ்டன் கணக்குல (வாடகை போக மத்த செலவுக்கு வருஷா வருஷம் வர்ற பில்) பில்டிங் மொத்தமும் இருக்கும், சுடுதண்ணியைத் தனியாக் கழிச்சிடுங்க, எந்த வருஷம் குளிர் கம்மின்னும் பார்த்துக்கோங்க. அப்புறம் ஹவுஸ்மைஸ்டரைக் கூட்டிக்கிட்டு பாய்லர் ரூமுக்குப் போய் கர்வ் எந்த நம்பர்ல நிக்குது, சுவர் வேலைக்கு அப்புறம் யாராவது அதை மாத்தினாங்களான்னு கேளுங்க. அந்த ரெண்டும் தெரிஞ்சா சொல்லுங்க, மேற்கொண்டு என்ன பண்ணலாம்னு சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.