ஆவாரை விதை மூன்று வாரமாகியும் முளைக்கவில்லை என்றால்

தண்ணீரைக் கூட்டிப் பயனில்லை. விதையின் தோலைக் கீற வேண்டும். ஆவாரை விதைத்தோல் கெட்டியானது, அப்படியே ஊன்றினால் ஈரம் உள்ளே இறங்காது.

1. ஒவ்வொரு விதையையும் உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும், தோலின் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். முளை இருக்கும் கூர்முனையைத் தொடாதீர்கள்.
2. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். காலையில் உப்பியிருப்பவற்றை 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாதவற்றை மறுபடி தேய்த்து ஊறவையுங்கள்.

விதையில் ஊசித்துளை தெரிந்தால் வண்டு குடைந்தது. தூக்கிப் போடுங்கள்.

மண்ணில் பாதி மணல் இருக்கட்டும். மேல்மண் காய்ந்தபின்தான் தண்ணீர். தினமும் ஊற்றினால் நாற்று அடித்தண்டு அழுகிச் சாயும். ஆணிவேர் வேகமாக இறங்கும் செடி இது. வளர்ந்தபின் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது, ஆகவே நல்ல வெயில் படும் நிலையான இடத்திலேயே ஊன்றிவிடுங்கள்.