செயற்கையாக வலி வரவைப்பது ஆபத்தா?

41 வாரமாகியும் வலி வரவில்லை, திங்கட்கிழமை வார்டில் மறித்து வலி வரவைக்கப் போகிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. அந்தக் கட்டத்தைத் தாண்டக் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடும், அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் நிறைந்தால் தூண்டச் சொல்கிறது.

முதலில் கருப்பை வாயை இளக்க ஜெல் வைப்பார்கள், இல்லாவிட்டால் நுனியில் பலூன் உள்ள ரப்பர் குழாய். இதற்கே ஒரு நாள் போகலாம், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பக்கத்துக் கட்டில்காரி பிள்ளை பெற்றுவிடுவாள், உங்களுக்கு அடிவயிறு இழுப்பதோடு நிற்கும், அம்மா கோப்பிப் போத்தலோடு வெளியே நிற்பார். என் அக்கா அழுதது அப்போதுதான், வலியில் இல்லை.

அப்புறம் பன்னீர்க்குடத்தை உடைத்து கருப்பையைச் சுருங்கவைக்கும் ஒட்சிற்றோசின் மருந்தைச் சேலைனில் ஏற்றுவார்கள். வலி மெல்ல ஏறாமல் அடுத்தடுத்து வரும், வலி குறைக்க மருந்து கேட்க வெட்கப்படாதீர்கள்.

கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்கினால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கும், அதனால்தான் வயிற்றில் பட்டி கட்டிப் பார்ப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கும் கூடலாம். முந்தைய பிள்ளை சிசேரியன் என்றால் பழைய தழும்பு பிரியும் ஆபத்து உண்டு, கட்டாயம் சொல்லுங்கள்.

ஊசி போட்டாலே சிசேரியன்தான் என்பது சரியில்லை. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதல் பிரசவக்காரரில் 39 வாரத்தில் தூண்டப்பட்டவர்களுக்கு 18.6 வீதம், காத்திருந்தவர்களுக்கு 22.2 வீதம் சிசேரியன் நடந்தது.

அதுவரை அசைவு குறைந்தால் திங்கள் வரை பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.