டீசல் பிக்கப்பில் புகை வடிகட்டியைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: என்னிடம் ஆறு வருடம் ஓடிய டீசல் பிக்கப் இருக்கிறது. வாரநாட்களில் வேலையிடத்துக்குப் போய்வரத்தான் பயன்படுத்துகிறேன்; பத்து நிமிட ஓட்டம்தான். எப்போதாவது வாரக்கடைசியில் டிரெய்லர் இழுப்பேன். இந்த வருடம் மட்டும் மூன்று முறை 'டிபிஎஃப் (புகை வடிகட்டி) நிரம்பிவிட்டது' என்று எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி வேகம் எடுக்காமல் முடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒர்க்‌ஷாப்பில் எதையோ செய்து விளக்கை அணைத்துத் தருகிறார்கள். கடைசியாகப் போனபோது புது வடிகட்டியே போட வேண்டும் என்றார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரோ, "டிபிஎஃப், இஜிஆர், யூரியா சிஸ்டம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நேர் பைப் போட்டு, கம்ப்யூட்டரில் ட்யூன் செய்துவிடலாம். மைலேஜும் கூடும், பவரும் கூடும், இனி இந்தத் தலைவலியே இருக்காது" என்கிறார். நண்பர்கள் இரண்டு பேர் அப்படிச் செய்து நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனிகளே புகை விஷயத்தில் ஏமாற்றும்போது நான் ஒருவன் செய்வதால் என்ன ஆகிவிடும்? செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேண்டாம். காரணம் சொல்வதற்கு முன், உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வடிகட்டியை எடுத்துவிட்டால் புகை வெளியேறும் பாதையில் தடை குறையும். வடிகட்டியைச் சுத்தம் செய்ய அவ்வப்போது எரிக்கும் டீசல் மிச்சமாகும். இஜிஆரை, அதாவது புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பை, அடைத்துவிட்டால் இன்ஜினின் காற்றுப் பாதையில் கரி படிவதும் நிற்கும். உங்கள் நண்பர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த லாபத்துக்கு விலை கொடுப்பது யார் என்பதும், உங்கள் வண்டியின் நோய் அதனால் குணமாகுமா என்பதும் அவர் பேச்சில் வரவே இல்லை.

நோயிலிருந்தே தொடங்குகிறேன். டிபிஎஃப் என்பது தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி. அதன் அறைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருப்பதால் புகை சுவர்களின் நுண்துளை வழியாகத்தான் வெளியேற முடியும். கரித்துகள் உள்ளேயே தங்கிவிடும். அப்படிச் சேர்ந்த கரியை எரித்துச் சாம்பலாக்குவதைத்தான் ரீஜெனரேஷன், சுருக்கமாக ரீஜென், என்கிறார்கள். அதற்கு வடிகட்டிக்குள் வெப்பம் சுமார் 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். சாலையில் ஒரே வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் ஓடினால்தான் இது முழுதாக நடக்கும். நீங்கள் ஓட்டுவது பத்து நிமிடம். இன்ஜின் சூடாவதற்குள் வேலையிடம் வந்துவிடுகிறது. ரீஜென் தொடங்குகிறது, பாதியில் நிற்கிறது, மறுநாள் மறுபடி தொடங்குகிறது. இப்படிப் பாதியில் நிற்கும்போது எரிக்க அனுப்பிய டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஏறியிருந்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள். அது வடிகட்டியைவிட அவசரமான விஷயம்.

இன்னொரு பக்கம், கரி அளவுக்கு மீறி வருவதற்கு இன்ஜினிலேயே ஏதாவது காரணம் இருக்கலாம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சொட்டினால் கரி கூடும். டர்போவின் சீல் ஒழுகினால் ஆயில் எரிந்து புகையோடு வரும். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ஹோஸில் சின்னக் கீறல் விழுந்தாலும் காற்று குறைந்து எரிதல் கெடும். இஜிஆர் கூலர் உள்ளுக்குள் கசிந்தால் கூலன்ட் வடிகட்டி வரை வந்துவிடும். இவற்றில் எது இருந்தாலும் முதலில் அடைபடுவது வடிகட்டிதான், அதனால் பழியும் அதன்மேல்தான் விழுகிறது. வடிகட்டியைக் கழற்றினால் விளக்கு எரியாது; ஆனால் சொட்டுகிற இன்ஜெக்டர் சொட்டிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் பிஸ்டனையே துளைத்துவிடலாம். எச்சரிக்கை சொல்லும் உறுப்பையே எடுத்துவிட்ட பிறகு, அந்த நாள் வருவது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஆகவே புது வடிகட்டிக்கும் இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் நல்ல டீசல் மெக்கானிக்கிடம் போய், கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு. கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்மானங்களிலிருந்து வருகிறது. வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். கரிதான் அதிகம் என்றால் ஸ்கேனர் மூலம் ஒரு முறை கட்டாய ரீஜென் செய்தால் போதும், அதன் பின் ஓட்டும் விதத்தை மாற்ற வேண்டும். சாம்பல் அதிகம் என்றால் வடிகட்டியைக் கழற்றி, சூளையில் சுட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டும் சேவை இருக்கிறது. புது வடிகட்டியின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவு. பீங்கான் விரிசல் விட்டிருந்தாலோ உருகியிருந்தாலோ மட்டும்தான் மாற்றியே ஆக வேண்டும்.

விளக்கு எரிவதற்கு இதைவிட எளிய காரணமும் உண்டு. வடிகட்டி நிரம்பியதா இல்லையா என்பதை வண்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது? முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் அளக்கிறது. அதற்கு இரண்டு மெல்லிய குழாய்கள் போகின்றன. அந்தக் குழாயில் அடைப்போ விரிசலோ இருந்தால், காலியான வடிகட்டியைக்கூட 'நிரம்பிவிட்டது' என்று காட்டும். ஒரு சென்சாரையும் இரண்டு குழாயையும் மாற்றித் தீர வேண்டிய பிரச்சினைக்காக முழு சிஸ்டத்தையும் வெட்டி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். அது என் மனதை மிகவும் வருத்தும் விஷயம்.

யூரியா சிஸ்டத்தின் மேல் உங்களுக்குக் கோபம் இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கப் புகையில் தெளிக்கும் டிஇஎஃப் என்ற யூரியா திரவம் தீர்ந்தாலோ ஒரு சென்சார் கெட்டாலோ வண்டியை ஊர்ந்துபோகும் வேகத்துக்கு முடக்கும் மென்பொருளை எந்த ஓட்டுநராலும் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதற்கான தீர்வு மென்பொருளில்தான் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஆகஸ்டில், டிஇஎஃப் கோளாறு வந்ததும் வண்டி திடீரெனச் சக்தி இழக்காதபடி மென்பொருளைத் திருத்தச் சொல்லித் தயாரிப்பாளர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் மாடலுக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். திரவம் 32.5 சதவீத யூரியா கொண்டது. நாள்பட்டாலும் வெயிலில் கிடந்தாலும் கெடும், தூசி பட்டாலும் கெடும். சீல் உடைக்காத கேனிலிருந்து மட்டும் ஊற்றுங்கள். பாதி கோளாறு அதிலேயே குறையும்.

இப்போது அந்த நேர் பைப் பற்றி. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாதவை. நுரையீரலின் அடி வரை போய், மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கின்றன. நல்ல நிலையில் உள்ள டிபிஎஃப் அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலாகப் பிடித்துவிடும். 'கரும்புகை வராதபடி ட்யூன் செய்கிறேன்' என்று மெக்கானிக் சொல்வார். கரும்புகை வராமல் இருக்கலாம். துகள் வராமல் இருக்காது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக விடுகிறீர்களே, அப்போது பின்னால் நிற்பது யார்? உங்கள் வீட்டுப் பிள்ளைகள். சிக்னலில் உங்கள் பின்னால் நிற்பவருக்கு நீங்கள் எதைக் கழற்றினீர்கள் என்று தெரியாது. அவரிடம் நீங்கள் கேட்கவும் இல்லை. இந்த ஒன்றுக்காகவே நான் வேண்டாம் என்பேன், மற்றதெல்லாம் லாபமாகவே இருந்தாலும்.

ஒருவன் செய்வதால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் அப்படி நினைத்ததன் கணக்கு இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் இந்தக் கருவிகளை நீக்கியிருந்தார்கள். அந்த வண்டிகள் தங்கள் ஆயுளில் கூடுதலாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 5,70,000 டன். துகள்கள் 5,000 டன். ஒழுங்காக இயங்கும் 90 லட்சம் பிக்கப்புகளைப் புதிதாகச் சாலையில் இறக்கியதற்குச் சமம் இது. கம்பெனிகள் ஏமாற்றியதும் உண்மைதான். 2013 முதல் 2019 வரையிலான ராம் 2500, 3500 பிக்கப்புகள் சுமார் 6,30,000-இல் ஏமாற்று மென்பொருள் இருந்தது என்ற வழக்கில் கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்து உங்களுக்குக் கோபம் வந்ததல்லவா? அது சரியான கோபம். அதே காரியத்தை நாமே செய்ய அதைக் காரணமாக்க வேண்டாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் இந்தக் கருவிகளை நீக்குவதையும், நீக்க உதவும் பொருட்களை விற்பதையும் தடை செய்கிறது. பிரிட்டனில் 2014 பிப்ரவரியிலிருந்து வருடாந்தரச் சோதனையில், தயாரிப்பிலேயே பொருத்திய டிபிஎஃப் நீக்கப்பட்ட வண்டி தேறாது. உள்ளே காலி செய்துவிட்டு வெளியே கூடு மட்டும் வைத்துத் தப்பித்தவர்கள் இருந்தார்கள். அதனால் பெல்ஜியம் 2022-லும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-லும் துகள்களை எண்ணும் கருவியையே சோதனைக்குக் கொண்டுவந்துவிட்டன. இந்தியா உட்பட வேறு பல நாடுகளிலும் தயாரிப்பாளர் அமைத்ததை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. "பொதுச் சாலையில் ஓட்டுவதற்கல்ல" என்று பெட்டியில் ஒரு வரி அச்சிட்டு விற்பார்கள். அந்த வரி விற்பவரைக் காப்பாற்றுவதற்கு, உங்களைக் காப்பாற்றாது.

ட்யூனிங்கிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. கருவிகளைக் கழற்றியபின் இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றும் புது மேப், அதாவது இன்ஜின் இயங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு, பெரும்பாலும் டார்க் எனும் முறுக்குவிசையையும் சேர்த்துக் கூட்டிவிடும். கியர்பாக்ஸும் ஹெட் கேஸ்கெட்டும் அந்தக் கூடுதல் சுமைக்காக வடிவமைத்தவை அல்ல. டிரெய்லர் இழுத்து மேடு ஏறும்போது அது தெரியவரும். அப்போது வாரண்டி கேட்டுப் போனால் கம்ப்யூட்டரில் மேப் மாற்றிய தடயம் கிடைக்கும். விற்கப் போனாலும் பல டீலர்கள் இப்படிப்பட்ட வண்டியைத் தொட மாட்டார்கள். திரும்பப் பழையபடி மாட்டலாம் என்றால், கழற்றிய பாகங்களை அதற்குள் யாரோ விலைக்கு வாங்கிப் போயிருப்பார்கள். கழற்றிய வடிகட்டியில் பிளாட்டினம் வகை உலோகங்கள் இருக்கின்றன, அதற்குச் சந்தையில் மதிப்பு உண்டு. அந்தப் பணம் யாருக்குப் போகும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வாரத்தில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். டிரெய்லர் மாட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, சுமை இருந்தால் வெப்பம் சீக்கிரம் ஏறும். ரீஜென் நடக்கும் அறிகுறி தெரிந்தால், அதாவது ஐடிலில் சத்தம் மாறினால், மைலேஜ் திடீரெனக் குறைந்தால், வண்டியை அணைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டி முடித்துவிடுங்கள். வேலையிடத்தில் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு வைக்காதீர்கள். ஐடிலில்தான் கரி வேகமாகச் சேரும். கையேட்டில் போட்டிருக்கும் சாம்பல் குறைந்த ஆயிலைத் தவிர வேறு ஊற்றாதீர்கள். புகைக் கருவிகளுக்குத் தனி வாரண்டி உண்டா என்று கையேட்டில் பாருங்கள். பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை.

இத்தனையும் செய்து, உங்கள் ஓட்டம் எப்போதும் பத்து நிமிடம்தான் என்றால், அந்த வண்டி உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் பிக்கப்புக்கு மாறிவிடுங்கள். முழுதாக இருக்கும் டீசலுக்கு நல்ல விலை கிடைக்கும். நீண்ட தூரம் இழுப்பவர் ஒருவர் வாங்கிச் சரியாகப் பயன்படுத்துவார்.

முதலில் ஸ்கேனர் பார்த்துவிட்டு வாருங்கள். கரி எத்தனை சதவீதம், சாம்பல் எத்தனை, இதுவரை எத்தனை ரீஜென் பாதியில் நின்றது என்று குறித்து அனுப்புங்கள். அந்த எண்களை வைத்து வடிகட்டியைச் சுத்தம் செய்தால் போதுமா, இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டுமா என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.