பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் பாராமெடிக் ஆக, சேமிப்பை எதில் போடுவது?

கேள்வி: எனக்கு 34 வயது. ஊரில் இடம்பெயர்ந்து அலைந்ததில் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. லண்டனுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன, பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கிறது. ஒரு கிடங்கில் இரவு வேலை செய்கிறேன்; ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 பவுண்டு வருகிறது. மனைவி பாடசாலை ஒன்றில் பகுதிநேர வேலை பார்க்கிறார். மகளுக்கு ஆறு வயது. கையில் 9,000 பவுண்டு சேமிப்பு. ஆம்புலன்ஸில் சென்று அவசர சிகிச்சை தரும் பாராமெடிக் ஆக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று, பள்ளிச் சான்றிதழ் எதுவும் வேண்டாம், 6,800 பவுண்டுக்கு ‘பாராமெடிக் டிப்ளோமா’ தருகிறோம் என்கிறது. சென்ற வாரம் தொலைபேசியில் 250 பவுண்டு முன்பணமும் கட்டிவிட்டேன். சேமிப்பைத் தொடாமல், நான் கட்டிவரும் 10,000 பவுண்டுச் சீட்டைக் கழிவு விட்டு எடுத்து மீதியைக் கட்டலாமா?
– வாசகர், ஹரோ

பதில்: முதலில் அந்த 250 பவுண்டைப் பார்ப்போம், ஏனென்றால் அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. தொலைபேசியிலோ இணையத்திலோ செய்த ஒப்பந்தத்தைப் பதினான்கு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யும் உரிமையை 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் உங்களுக்குத் தருகின்றன. இன்றே மின்னஞ்சலில் ‘ரத்துச் செய்கிறேன், பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று இரண்டு வரி எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். எழுத்தில் இருக்க வேண்டும். வகுப்பை உடனே தொடங்குங்கள் என்று நீங்களே கேட்டு, அது தொடங்கியும் இருந்தால் மட்டும், நடந்த அளவுக்குப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

ஏன் ரத்துச் செய்யச் சொல்கிறேன்? இந்த நாட்டில் ‘பாராமெடிக்’ என்பது சட்டம் காக்கும் பட்டப்பெயர். எச்.சி.பி.சி. என்னும் தொழில் பதிவு அமைப்பில் பெயர் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே முடியாது. அந்தப் பதிவுக்கு 2021 செப்டம்பரிலிருந்து ஹானர்ஸ் பட்டம்தான் அடிப்படைத் தகுதி. எந்தெந்தப் படிப்பை முடித்தால் பதியலாம் என்ற பட்டியல் எச்.சி.பி.சி. இணையதளத்திலேயே இருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் நிறுவனத்தை மோசடி என்று நான் சொல்லவில்லை. இப்படி விற்கப்படும் பலவும் உண்மையில் முதலுதவியின் மேல்நிலைப் பயிற்சிகள். விளையாட்டு நிகழ்ச்சிகளிலும் தனியார் ஆம்புலன்ஸ்களிலும் வேலை தேட உதவும், அவ்வளவுதான். ஐயம் இருந்தால் அவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை முடித்தால் எச்.சி.பி.சி.யில் பதியலாமா? பதிலை எழுத்தில் கேளுங்கள். விற்பனையாளரின் குரல் அந்த இடத்தில் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

பதிவில் போய் முடிகிற வழிகளில் பயிற்சிச் செலவை உங்கள் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியதே இல்லை. முதலாளி கட்டுகிறார், அல்லது அரசு கடன் தருகிறது. உங்கள் 9,000 பவுண்டுக்கு வேறு வேலை இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் ஆங்கிலமும் கணிதமும் வேண்டும். இங்கே பள்ளியில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சையை எழுதாதவர்களுக்கு அதற்கு ஈடாக ‘ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2’ இருக்கிறது. இங்கிலாந்தில் 19 வயதைக் கடந்த, அந்தத் தகுதி இல்லாத, வதிவிட நிபந்தனைக்குள் வருபவர்களுக்கு இது இலவசம். அருகிலுள்ள கல்லூரியிலோ கவுன்சிலின் வளர்ந்தோர் கல்வி நிலையத்திலோ சேரலாம். யாராவது இதற்குக் காசு கேட்டால் வேறு இடம் பாருங்கள். 19 வயதுக்கு மேற்பட்ட அப்ரண்டிஸ்களுக்கு இந்தச் சான்றிதழைக் கட்டாயமாக்கும் விதியை அரசு 2025இல் தளர்த்தியது உண்மைதான். ஆனாலும் பாராமெடிக் பட்டம் நடத்தும் பல்கலைக்கழகங்கள் பொதுவாக இதைக் கேட்கும். இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து பின்னங்களைப் படிப்பது சுலபமில்லை. ஆனால் நிமிடத்துக்கு இத்தனை சொட்டு, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஓடும் வண்டிக்குள் கணக்குப் போடப்போகிறவருக்கு அது வீண்வேலையும் இல்லை.

முதல் வழி, ஆம்புலன்ஸ் சேவைக்குள் கீழ்ப்படியில் நுழைந்து உள்ளிருந்தே ஏறுவது. நோயாளர் போக்குவரத்துப் பிரிவு, அவசர உதவிக்கான 999 அழைப்புகளை ஏற்கும் பிரிவு, அவசர சிகிச்சை உதவியாளர் ஆகிய வேலைகளுக்குப் பட்டம் தேவையில்லை. லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் ‘அசிஸ்டன்ட் ஆம்புலன்ஸ் பிராக்டிஷனர்’ என்ற பதவி உண்டு. இப்படி நுழைந்தவர்கள் அங்கிருந்து, வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கும் பாராமெடிக் பட்ட அப்ரண்டிஸ்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வயது உச்சவரம்பு கிடையாது. பல்கலைக்கழகக் கட்டணத்தை அப்ரண்டிஸிடம் வாங்கவே கூடாது என்பது விதி. படிக்கும் காலம் முழுவதும் சம்பளம் வரும்.

அப்ரண்டிஸ் என்றதும் பையன்களுக்குக் கொடுக்கும் சில்லறைச் சம்பளம் என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இன் சம்பள அட்டவணையில் பேண்ட் 3 என்ற சம்பளப் படிநிலை 2025–26இல் தொடங்கியதே 24,937 பவுண்டில். லண்டன் படியும் இரவு, வார இறுதிப் படிகளும் சேர்ந்தால் இன்றைய உங்கள் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். கூடவே ஓய்வூதியத்தையும் பாருங்கள். கிடங்கு முதலாளி சட்டப்படி போட வேண்டியது குறைந்தது 3 விழுக்காடு, என்.எச்.எஸ். முதலாளி போடுவது 23.7 விழுக்காடு. உங்கள் பங்கும் அங்கே கூடுதல் என்பதால் கைக்கு வரும் தொகை முதல் மாதம் ஏமாற்றமாகத் தோன்றும். அதைப் பார்த்துத் திட்டத்திலிருந்து விலகிவிடாதீர்கள்.

இந்த வழியின் குறை, இடங்கள் குறைவு, போட்டி அதிகம். விளம்பரம் வந்த சில நாட்களிலேயே மூடிவிடுவதும் உண்டு. என்.எச்.எஸ். வேலைத் தளத்தில் மின்னஞ்சல் எச்சரிக்கை போட்டுவையுங்கள். உரிமத்தில் வேகத் தண்டப் புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் பல சேவைகள் எடுப்பதில்லை.

இரண்டாவது வழி, ‘ஆக்ஸஸ் டு ஹையர் எஜுகேஷன்’ டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்குப் போவது. உயர்தரம் படிக்காத வளர்ந்தவர்களுக்காகவே ஏற்பட்ட படிப்பு இது. முழுநேரமென்றால் பெரும்பாலும் ஓராண்டில் முடியும். கட்டணம் பொதுவாக 3,000 பவுண்டைத் தாண்டும். நம்மவர்கள் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான். ‘கடன் வேண்டாம், காசாகவே கட்டிவிடுகிறேன்’ என்று கௌரவமாகக் கட்டிவிடுகிறார்கள். இதற்கு ‘அட்வான்ஸ்ட் லேர்னர் லோன்’ இருக்கிறது. வருமானம் கேட்க மாட்டார்கள், கடன் வரலாறு பார்க்க மாட்டார்கள். ஆக்ஸஸ் முடித்து, பிறகு பட்டப்படிப்பையும் முடித்தால் அந்தக் கடனின் மீதி முழுவதும் தள்ளுபடி. காசாகக் கட்டியவருக்கோ யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. பட்டத்தை முடிக்காமல் விட்டால் கடன் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேருமுன், நீங்கள் குறிவைக்கும் பல்கலைக்கழகம் அந்தக் குறிப்பிட்ட ஆக்ஸஸ் படிப்பை ஏற்கிறதா என்று அதன் சேர்க்கைப் பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளில் வீடு எப்படி நடக்கும் என்பதுதான் உங்கள் மனைவி கேட்கப்போகும் கேள்வி. கட்டணம் 2025–26இல் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. அது முழுவதும் கடனாகக் கிடைக்கும். என்.எச்.எஸ். கற்றல் உதவி நிதியிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்டு, 15 வயதுக்குட்பட்ட பிள்ளை இருப்பதால் மேலும் 2,000. இந்த 7,000 கடன் அல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் வாழ்க்கைச் செலவுக்கான பராமரிப்புக் கடன். பெற்றோருடன் வசிக்காமல் லண்டனில் படிப்பவருக்கு அதே ஆண்டில் உச்சத்தொகை 13,762 பவுண்டு. இதற்கு மனைவியின் வருமானத்தைப் பார்ப்பார்கள்; 25,000 பவுண்டுக்குள் இருந்தால் முழுத்தொகையும் கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் 20,762, அதற்கு வரி இல்லை. இப்போது 27,000இல் வரியும் தேசியக் காப்புறுதியும் போகக் கைக்கு வருவது 23,000க்குச் சற்றுக் குறைவு. நீங்கள் நினைத்திருந்த அளவுக்குப் பள்ளம் பெரிதில்லை. முழுநேர மாணவர் கவுன்சில் வரிக் கணக்கில் வரமாட்டார் என்பதால், வீட்டில் வேறு பெரியவர் இல்லையென்றால் 25 விழுக்காடு கழிவும் உண்டு. ஆனால் குறைந்த வருமானக்காரருக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை வாங்குகிறவராக இருந்தால் பராமரிப்புக் கடனை வருமானமாக எடுத்துக்கொண்டு அதைக் குறைப்பார்கள். கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

திருப்பிக் கட்டுவது எப்படி? கடன் அறுபது, எழுபதாயிரம் என்று கேட்டதும் தூக்கம் போய்விடுகிறது. மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், மாதத் தொகையைப் பாருங்கள். புதிய மாணவர் கடன் திட்டத்தில் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பதில் 9 விழுக்காடு பிடிப்பார்கள். பாராமெடிக்குகள் பேண்ட் 5இல் தொடங்கிப் பிறகு பேண்ட் 6க்கு உயர்வதுதான் வழக்கம். 2025–26இல் பேண்ட் 6இன் தொடக்கம் 38,682 பவுண்டு. அதில் மாதப் பிடித்தம் ஏறத்தாழ 103 பவுண்டு. வேலை போனால் பிடித்தம் நின்றுவிடும். நாற்பது ஆண்டுகளில் மீதி தள்ளுபடி. அப்போது உங்களுக்கு என்ன வயது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டில் எது? உங்கள் இடத்தில் நான் முதல் வழியைத்தான் முதலில் தட்டுவேன். கடன் இல்லை என்பது ஒரு காரணம். படித்து முடித்த புதியவர்களுக்கு எல்லா இடத்திலும் உடனே வேலை கிடைத்துவிடுவதில்லை, அப்ரண்டிஸோ ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஓராண்டு முயன்றும் கதவு திறக்கவில்லையென்றால் ஆக்ஸஸ். இரண்டுக்கும் தேவையான ஆங்கிலத்தையும் கணிதத்தையும் அதற்குள் முடித்திருப்பீர்கள். நான் சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கு. வேல்ஸில் இரண்டு ஆண்டு அங்கேயே வேலை செய்வதாக ஒப்புக்கொண்டால் கட்டணத்தை என்.எச்.எஸ். பர்சரி ஏற்கும், ஸ்கொட்லாந்தில் பாராமெடிக் மாணவர்களுக்குத் தனி உதவித்தொகை உண்டு. மகளின் பள்ளியை மாற்றி அங்கே குடிபெயர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி அந்த 9,000. நீங்கள் செலவழிக்க வேண்டியது ஓட்டுநர் உரிமத்துக்கு. ஆம்புலன்ஸ் ஓட்ட பொதுவாக, காரைவிடக் கனமான வண்டிகளுக்கான சி1 வகை உரிமம் தேவை. 1997க்கு முன் கார் பரீட்சையில் தேறியவர்களுக்கு அது தானாகவே உண்டு; உங்களுக்கு இல்லை. அதற்கான முதல் படி டி4 படிவத்தில் மருத்துவப் பரிசோதனை. மற்ற எதற்கும் முன் அதைச் செய்யுங்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், நாலு இடம் விசாரியுங்கள். நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். கனரக உரிமத்துக்குப் பார்வை, இன்சுலின் தொடர்பான நிபந்தனைகள் கார் உரிமத்தைவிடக் கடுமையானவை. திட்டமே நின்றுபோகக் கூடிய இடம் இதுவென்றால், அதைக் குறைந்த செலவில் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தற்காலிக சி1 உரிமத்துக்குக் கட்டணமில்லை. ஓட்டப் பயிற்சியும் பரீட்சையும் ஆயிரம் பவுண்டைத் தாண்டக்கூடும்; வேலைவிளம்பரம் முழு உரிமம் கேட்கிறதா, தற்காலிகம் போதுமா என்று பார்த்த பிறகே அதில் இறங்குங்கள்.

மீதியை எப்போதும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் விடுங்கள். வட்டி கொஞ்சம் கூடுதல் என்று ஓராண்டு, ஈராண்டு பூட்டும் கணக்கில் போட வேண்டாம். வேலை மாறும்போது முதல் சம்பளம் தாமதமாகும், சீருடைக் காலணி வாங்க வேண்டிவரும், பயிற்சி வாரங்களில் கூடுதல் நேர வேலை இருக்காது.

சீட்டை எடுக்க வேண்டாம். தொடக்கத்திலேயே எடுப்பவர்தான் அதிகம் கழிவு விடுகிறார். 1,800 விட்டால் கைக்கு வருவது 8,200, கட்ட வேண்டியதோ இன்னும் மாதாமாதம் கிடக்கிறது. பின்னால் மற்றவர்கள் விடும் கழிவில் உங்களுக்கும் பங்கு வரும், அது உங்கள் இழப்பை மூடாது. சீட்டுப் பிடிப்பவர் நாளை காணாமல் போனால் நிதிக் குறைதீர் ஆணையரிடமோ வைப்புக் காப்புறுதித் திட்டத்திடமோ போய் நிற்க வழியில்லை. ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்கள், விடாமல் கட்டுங்கள், கடைசிப் பக்கமாக எடுங்கள். ஆக்ஸஸ் வழியில் போக நேர்ந்தால், பட்டத்தின் முதலாண்டு தொடங்குகிற செப்டம்பருக்கு முன் உங்கள் முறை வருகிறதா என்று மட்டும் சீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள்.