மூன்று கம்பெனியும் ஒரே மாதத்தில் வளர்ப்புக் கூலியைக் குறைத்தால் வழக்கு போடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய சொந்த நிலத்தில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறேன். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, மின்சாரம், ஆள்கூலி என் செலவு. இங்கே கோழி எடுக்கும் மூன்று கம்பெனிகளும் ஒரே மாதத்தில் கூலியைக் குறைத்துவிட்டன. "எங்கே போனாலும் இதே ரேட்டுதான்" என்கிறார் சூப்பர்வைசர். விலகினால் ஓராண்டுக்கு வேறு கம்பெனிக்கு வளர்க்கக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வழக்கு போடலாமா? பண்ணைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, பழைய ரேட் தராவிட்டால் குஞ்சு இறக்க மாட்டோம் என்று சொல்லலாமா?

பதில்: ஐயா, இரண்டாவது கேள்வி அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் கம்பெனியின் தொழிலாளி அல்ல, தனித் தொழில் நடத்துபவர். தொழிற்சங்கம் கூலி பேசுவதற்கு இருக்கும் விலக்கு உங்களுக்குக் கிடைக்காது. 2012இல் கேமரன் மலை பூ வளர்ப்போர் சங்கம் பூ விலையை 10 விழுக்காடு ஏற்றுவதென்று கூடிப் பேசி முடிவெடுத்தது. வியாபாரிகள் கூடி விலை நிர்ணயிப்பதைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் மலேசியப் போட்டி ஆணையம் அதைச் சட்டமீறல் என்றது. சிறு விவசாயிகள் என்பது அங்கே கைகொடுக்கவில்லை. ஆனால் சேர்ந்து புகார் கொடுக்கலாம், சேர்ந்து வழக்கறிஞரிடம் போகலாம். அதில் தவறே இல்லை.

இனி கம்பெனிகள். அதே போட்டிச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, போட்டியாளர்கள் சேர்ந்து விற்கும் விலையை மட்டுமல்ல, வாங்கும் விலையையும் வர்த்தக நிபந்தனைகளையும் நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. உங்கள் கூலி இதற்குள் வரும். ஆனால் கூலி குறைவு என்பது மட்டும் குற்றம் ஆகாது. மூன்று பேரும் ஒரே மாதத்தில் குறைத்தது சந்தேகத்துக்கு இடம் தருகிறது, அவ்வளவுதான். ஒருவர் குறைத்ததைப் பார்த்து மற்றவர் தானாகவே குறைத்திருக்கலாம். அவர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் இதே சண்டை 2017இல் நீதிமன்றம் ஏறியது. கோழிக் கம்பெனிகள் வளர்ப்போர் கூலி விவரத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன, ஒருவர் பண்ணையாளரை இன்னொருவர் எடுப்பதில்லை என்று உடன்பட்டன என்பது புகார். தீர்ப்புவரை போகாமல் ஐந்து கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தன. மொத்தம் 16 கோடியே 90 லட்சம் டாலர். அமெரிக்கச் சட்டம் இங்கே செல்லாது, ஆனால் எதைத் தேட வேண்டும் என்பது அதில் தெரிகிறது. உங்கள் சூப்பர்வைசருக்கு மற்ற இரண்டு கம்பெனியின் ரேட் எப்படித் தெரியும்? வேறு கம்பெனியிடம் கேட்டபோது, "நீங்க அவங்க ஆள், எடுக்க மாட்டோம்" என்று சொன்னார்களா? அந்த வாட்ஸ்அப் செய்தி, தேதி, சொன்னவர் பெயர், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மூன்று கம்பெனியின் ரேட் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசகமே ஒன்றாக இருந்தால் அது பெரிய சான்று.

இதை வைத்து மலேசியப் போட்டி ஆணையத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் கொடுத்தவரை மிரட்டுவதே குற்றம். மீறல் உறுதியானால் கம்பெனியின் உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடுவரை அபராதம் வரலாம். அபராதம் உங்கள் கைக்கு வராது. நஷ்டஈடு கேட்க 64ஆவது பிரிவின்படி தனி வழக்கு போட வேண்டும், ஆணையம் மீறல் என்று முடிவு செய்தபிறகு போவதுதான் நல்லது. 2023 டிசம்பரில் கோழித் தீவனக் கம்பெனிகள் ஐந்துக்கு ஆணையம் 41 கோடியே 55 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே இது ஆண்டுக்கணக்கில் இழுக்கும், பேங்க் தவணை அதுவரை காத்திருக்காது.

அந்த ஓராண்டுத் தடையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாது என்கிறது. விதிவிலக்குகள் மிகக் குறைவு, உங்கள் நிலைமை அதில் வராது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே வேறு கம்பெனிக் குஞ்சை இறக்கினால் கதை வேறு.

அப்புறம், கையில் இருக்கிற கணக்கைப் பாருங்கள். என் அனுபவத்தில் பணம் அதிகம் தொலைவது அங்கேதான். ஒவ்வொரு பேட்சுக்கும் தீவனம் வந்த சீட்டு, செத்த கோழிக் கணக்கு, எடைச் சீட்டு, கம்பெனி தந்த கணக்குத் தாள், நான்கையும் ஒப்பிடுங்கள். இறங்காத தீவன மூட்டை கணக்கில் ஏறியிருந்தால் எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடைக்குச் செலவான தீவனக் கணக்கு) கெட்டு போனஸ் போய்விடும். அது நேரடி ஒப்பந்த மீறல், ஆறு ஆண்டுக்குள் வழக்கு போடலாம். ஒரு லட்சம் வெள்ளிவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றமே போதும்.

புதுப்பித்த ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தால், "முந்தைய பாக்கி எதுவும் இல்லை" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.